வியர்த்தால் காய்ச்சல் போய்விடுமா, டாக்டர்?

வாசகி ஒருவர் (வயது 38) நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவருடைய அப்பாவுக்கு வயது 71. பிரஷருக்கு ஒரு மாத்திரை, காலையில் ஒரு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைப்பது), இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், இவ்வளவும் தினமும் சாப்பிடுகிறார். போன மாதம் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தார், தெர்மாமீட்டர் 102 காட்டியது. பாரசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் உள்ளேயே அமுங்கிவிடும் என்று வாசகி நினைத்திருக்கிறார். அதனால் இஞ்சி, மிளகு, துளசி, அதிமதுரம் போட்டுக் காய்ச்சிய கசாயத்தை நாளுக்கு நான்கு வேளை கொடுத்து, ஜன்னலைச் சாத்தி, இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டிருக்கிறார். முதல் ராத்திரி நன்றாக வியர்த்து 99.5க்கு இறங்கியது. மறுநாள் சாயங்காலம் மறுபடி ஏறியது, மறுபடி அதே வைத்தியம். "போர்வையை விலக்கினால் பனியனைப் பிழியலாம் போல இருந்தது. கெட்டதெல்லாம் வெளியே வருகிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது" என்று எழுதுகிறார். விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்த அப்பா, கண் இருட்டிக்கொண்டு வந்து கதவோரமாகச் சரிந்துவிட்டார். நல்லவேளை, அடிபடவில்லை. மருத்துவமனையில் பிரஷர் மிகவும் இறங்கியிருப்பதாகச் சொல்லி சலைன் ஏற்றினார்கள், பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் சில நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்.

இப்போது தம்பி, "உன் கசாயம்தான் அப்பாவை விழத் தட்டியது" என்கிறாராம். வாசகியின் கேள்விகள்: மூலிகை கொடுத்தது தப்பா? வியர்வையில் கிருமி வெளியேறுகிறது என்பது பொய்யா? ஆறு வயது மகனுக்கு அடுத்த முறை இதையே செய்யலாமா? வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்பிய எல்டர் பூ, லிண்டன் பூ, 'யாரோ' (yarrow) என்ற செடியின் இலை கலந்த தேநீரைக் கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரி, முதலில் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அதுதான் உங்களைக் குடைகிறது. அப்பா விழுந்ததற்குக் கசாயம் மட்டும் காரணமில்லை. உடம்பில் இருந்த தண்ணீர் பல வழியில் போயிருக்கிறது. காய்ச்சலாலேயே கொஞ்சம் போகும். சரியாகச் சாப்பிடாமல் குடிக்காமல் கிடந்ததில் கொஞ்சம். இரண்டு போர்வைக்குள் விடிய விடிய வியர்த்ததில் நிறைய. இதற்கு மேல் வழக்கம்போல நீர் மாத்திரை, வழக்கம்போல பிரஷர் மாத்திரை. படுத்திருக்கும்வரை சமாளித்த உடம்பு, சட்டென்று எழுந்து நின்றதும் மூளைக்கு ரத்தத்தை ஏற்ற முடியாமல் தோற்றுப்போனது. வெந்நீரிலும் இஞ்சியிலும் ஆபத்து பெரிதாக ஒன்றுமில்லை, போர்வையும் நிறுத்தாத மாத்திரையும் சேர்ந்த இடத்தில்தான் ஆபத்து வந்தது. காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காதபோது இந்த மாத்திரைகளை என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைத்ததாகக் கடிதத்தில் இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியது எங்களைப் போன்ற மருத்துவர்கள்.

வியர்வை எங்கிருந்து வருகிறது

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், அது சரியானால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

நம் மூளையில் ஹைபோதலாமஸ் என்ற இடம் உடம்பின் வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. கிருமி நுழைந்ததும் எதிர்ப்பணுக்கள் விடும் வேதிப்பொருள்கள் அந்த அளவை ஏற்றிவிடுகின்றன, 98.6ல் இருந்தது 102 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இன்னும் 99தான், மூளையோ 102 வேண்டும் என்கிறது. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது நமக்குக் குளிருகிறது, நடுங்குகிறது, கை கால் சில்லிட்டுப் போகிறது. கிருமியின் கை தளர்ந்ததும், அல்லது மாத்திரை வேலை செய்ததும், அந்த அளவு மறுபடி கீழே இறங்குகிறது. இப்போது உடம்பு 102, வேண்டியது 98.6. மிச்ச வெப்பத்தை வெளியேற்ற உடம்பு எடுக்கும் வழிதான் வியர்வை. ஆக, காய்ச்சல் இறங்க முடிவான பிறகு வருவது வியர்வை. தலைமுறை தலைமுறையாக வீடுகளில் கண்ணால் பார்த்தது உண்மை: வியர்த்தது, காய்ச்சல் விட்டது. எது முதலில், எது பிறகு என்பதில்தான் பிசகு. வியர்வையை வற்புறுத்தி வரவழைத்தால் மூளை வைத்த அளவு இறங்காது. முதல் ராத்திரி இறங்கிய காய்ச்சல் மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்ததே, அதைப் பாருங்கள். நோய் தன் போக்கில்தான் போய்க்கொண்டிருந்தது.

வியர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அப்புறம் உப்பு, மிகக் கொஞ்சமாக வேறு சில பொருள்கள். சளிக் காய்ச்சலைத் தரும் வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தோல் வழியாகக் கழுவி வெளியே தள்ள முடியாது. அதை ஒழிப்பது உங்கள் எதிர்ப்பணுக்கள். கழிவை அகற்றும் வேலை முக்கியமாகச் சிறுநீரகமும் கல்லீரலும் செய்வது, அந்தச் சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் நாம் போர்வைக்குள் வீணாக்கினோம்.

வீணாக்கினோம் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான். போர்வைக்குள் காற்றில்லை, ஈரம் போக இடமில்லை, வியர்வை சொட்டிப் பனியனில் ஊறுகிறது. பிழியலாம் போல இருந்தது என்றீர்களே, அந்தப் பனியனில் இருந்தது உடம்பைக் குளிர்விக்காமலேயே போன தண்ணீரும் உப்பும்.

அப்படியானால் மூலிகைக்கு வேலையே இல்லையா

இருக்கிறது. சித்த மருத்துவத்தில் வியர்வைப் பெருக்கி என்றே ஒரு வகை உண்டு. கிட்டத்தட்ட எல்லா மருத்துவ மரபிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும், செடிதான் இடத்துக்கு இடம் மாறும். இஞ்சி, மிளகு, பட்டை, துளசி ஒரு பக்கம். எல்டர் பூ, லிண்டன் பூ, யாரோ, புதினா இன்னொரு பக்கம். இஞ்சியையும் மிளகையும் எடுத்துக்கொண்டால் காரணம் ஓரளவு தெளிவு. இஞ்சியின் ஜிஞ்சரால், அது காய்ந்து சுக்காகும்போது உண்டாகும் ஷோகால், மிளகின் பைப்பரின், இவை எல்லாம் நாக்கிலும் தொண்டையிலும் உள்ள ஒரே வெப்ப உணர்வியைத் தட்டுகின்றன. கொதிக்கும் சூடு பட்டால் எழும் உணர்வியும் அதேதான். அதனால்தான் காரமான கசாயம் ஒரு மடக்கு குடித்ததும் மூக்கு ஒழுகுகிறது, நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்க்கிறது. காய்ச்சலே இல்லாத ஆள் குடித்தாலும் அப்படித்தான். அது நாக்கின் காரத்துக்கு உடம்பு சொல்லும் பதில்.

ஆனால் அந்த ஒரு மடக்கின் சுகம் பொய்யில்லை. 2008ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சளி பிடித்த 30 பேரிடம் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒரே பழச்சாற்றுப் பானம், சிலருக்குச் சூடாக, சிலருக்கு அறை வெப்பத்தில். மூக்கில் காற்று போகும் அளவை அளந்து பார்த்தால் சூடான பானத்தால் மாற்றம் இல்லை. ஆனால் தொண்டை வலி, குளிர், அசதி ஆகியவை சூடாகக் குடித்தவர்களுக்குத்தான் குறைந்தன. மூலிகையே இல்லாத பானத்துக்கே இந்தப் பலன். நான் என் நோயாளிகளிடம் கசாயத்தை நிறுத்தச் சொல்வதில்லை. மிதமாகக் காய்ச்சிய, தொண்டை எரியாத கசாயம் இரண்டு மூன்று வேளை குடித்தால் தொண்டைக்கு இதம், சளி இளகும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் உள்ளே போகும். படுத்துக் கிடக்கும் 71 வயதுக்காரரிடம் வெறும் தண்ணீரை நீட்டினால் வேண்டாம் என்பார், மகள் கையால் காய்ச்சிய கசாயம் என்றால் குடிப்பார். அதற்காகவே அது நல்லது.

வியர்க்க வைப்பதே மருந்து என்றால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் ஒரு முறை முழுசாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. 1870களில் பிரேசிலிலிருந்து ஜாபொராண்டி என்ற செடியின் இலை ஐரோப்பாவுக்குப் போனது. கொஞ்சம் கொடுத்தாலே ஆள் வெள்ளமாக வியர்ப்பார், எச்சில் ஊற்றும். 1875ல் அதிலிருந்து பைலோகார்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காய்ச்சல் முதல் உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய் வரை பலவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வியர்வை கொட்டியது, ஆனால் இதயம் தடுமாறியது, மூச்சுக்குழாயில் சளி பெருகியது. இன்றைக்கு அந்த மருந்து கண் அழுத்த நோய்க்கும் உலர்ந்த வாய்க்கும் பயன்படுகிறது, காய்ச்சலுக்கு யாரும் கொடுப்பதில்லை. வியர்வையால் காய்ச்சல் குணமாகும் என்றால் அதைவிடச் சிறந்த மருந்து இருந்திருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என்னை முதலில் படித்தபோது ஆச்சரியப்படுத்தியது. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் காய்ச்சலுக்கு வியர்வை மூலிகைகளை விரிவாக எழுதி வைத்தார். பட்டை மரத்தின் குச்சியும் இஞ்சியும் சேர்ந்த கசாயம் ஒன்றுக்கு அவர் சொல்லும் விதி: உடம்பெங்கும் லேசாகக் கசிந்தால் போதும், தண்ணீராக ஓடவிடாதே, ஓடவிட்டால் நோய் போகாது, ஒரு வேளையிலேயே வியர்த்துத் தேறிவிட்டால் மிச்ச வேளையை நிறுத்திவிடு. ஆக, வியர்வையை நம்பிய பழைய மருத்துவரே அளவு வைத்திருந்தார். நாம் செடியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு அளவைத் தொலைத்துவிட்டோம்.

அப்பாவுக்குச் சேராதவை

அதிமதுரம்: இதை அப்பாவுக்கு இனிமேல் கொடுக்காதீர்கள். இதில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும், தொடர்ந்து எடுத்தால் பிரஷர் ஏறும். பல நீர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் குறைப்பவைதான். ஏற்கெனவே துடிப்பு சீராக இல்லாத இதயத்துக்கு இரண்டு பக்கமும் பொட்டாசியம் போவது நல்லதில்லை. இரண்டு நாள் கொடுத்ததில் பெரிய கெடுதல் நடந்திருக்க வாய்ப்பு குறைவு, பயப்படாதீர்கள். ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கவில்லை என்றால் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வார்ஃபரின்: இது மிக நுணுக்கமான மருந்து. காய்ச்சலும் சாப்பிடாமல் இருப்பதும் மட்டுமே அதன் வேகத்தைக் கூட்டிவிடும். இஞ்சியை நிறையச் சேர்த்தால் ரத்தக்கசிவு கூடலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. மிளகின் பைப்பரின், சில மருந்துகள் ரத்தத்தில் ஏறும் அளவையே மாற்றக்கூடியது. சமையலில் சேர்க்கும் அளவுக்குப் பிரச்சினை இல்லை, நாளுக்கு நான்கு வேளை கெட்டியாகக் காய்ச்சிக் கொடுப்பதுதான் பிரச்சினை. காய்ச்சல் வந்து போனதால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். மலம் கறுத்துப் போவது, ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு தென்பட்டால் அன்றைக்கே போங்கள்.

பாரசிட்டமால் பற்றி. காய்ச்சல் என்பது உடம்பின் தற்காப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரி. 101, 102 இருந்தாலும் ஆள் தெளிவாக, பேசிக்கொண்டு, குடித்துக்கொண்டு இருந்தால் மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், காய்ச்சலை இறக்கக் கூடாது என்று மாத்திரையைத் தவிர்த்துவிட்டு, அதே காய்ச்சலை வியர்வையால் இறக்கத்தானே ராத்திரி முழுக்கப் பாடுபட்டீர்கள்? பாரசிட்டமால் நோயை உள்ளே அமுக்குவதில்லை. மூளையில் ஏறிய அந்த அளவை இறக்குகிறது, அதனால் உடம்பு வலி குறைகிறது, தூக்கம் வருகிறது, ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போகிறது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4,000ஐத் தாண்டக் கூடாது. அப்பாவின் வயதுக்கும், அதைத் தொடர்ந்து சில நாள் எடுத்தால் வார்ஃபரினின் வேகம் கூடும் என்பதற்கும், அவருக்கு இதைவிடக் குறைந்த அளவே நல்லது, அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

"வியர்த்துவிட்டது, இனி பயமில்லை"

இந்த வாக்கியம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மலேரியாவில் குளிரும், பிறகு கொதிக்கும், பிறகு கொட்ட வியர்க்கும், ஆள் எழுந்து உட்கார்ந்து தேறிவிட்டதாகச் சொல்வார். ஆனால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அப்படியே திரும்பி வரும். டெங்குவில் இன்னும் மோசம், காய்ச்சல் இறங்கும் அந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழும் ஆபத்தான கட்டம். அந்த நேரத்தில் உடம்பு சில்லிட்டு வியர்ப்பதைக் குணம் என்று எடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருந்து, தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெங்கு சந்தேகம் இருந்தால் இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடாது, கசாயத்தை வைத்துக் காத்திருக்கவும் கூடாது, ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மகனுக்கு

ஆறு வயதுப் பிள்ளையைப் போர்வையில் மூடி வியர்க்க வைக்கவே வேண்டாம். குழந்தைகள் உடல் அளவில் சிறியவர்கள், சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் வறண்டும் போகும். மெல்லிய சட்டை, காற்றோட்டமான அறை, அடிக்கடி இரண்டிரண்டு மடக்காகக் குடிக்க ஏதாவது. லேசான இஞ்சி வெந்நீரில் தேன் கலந்து கொடுக்கலாம், இருமலுக்கு இதமாக இருக்கும் (ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது). பாரசிட்டமால் கொடுத்தால் வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கொடுங்கள்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடாது, வில்லோ மரப்பட்டை கலந்த மூலிகைப் பொடியும் அதே காரணத்தால் கூடாது. வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் எடுத்த பிள்ளைகளுக்கு அரிதாக மூளையும் கல்லீரலும் ஒரே நேரத்தில் பாதிக்கும் ரேய் நோய் வரும். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் ஒரு சொட்டுகூட வாய்க்குள் போகக் கூடாது, வலிப்பு வரும். ஆவி பிடிக்கக் கொதிநீர்ப் பாத்திரத்தைப் பிள்ளை முன் வைக்காதீர்கள். சளியைக் குறைக்க அது உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகளோ எந்த மருத்துவமனையிலும் உண்டு.

அக்கா அனுப்பிய தேநீர்ப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். எல்டர் பூவும் லிண்டன் பூவும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அளவாகக் குடித்தால் பொதுவாகச் சாதுவானவை. ஆனால் எல்டர் செடியின் இலை, தண்டு, பழுக்காத காய் ஆகியவற்றில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது, அதனால் பொட்டலத்தில் பூ மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ செடி சாமந்திக் குடும்பம், அந்தப் பூக்கள் சேராதவர்களுக்கு ஒவ்வாமை வரும், கர்ப்பிணிகளுக்கு வேண்டாம், வார்ஃபரின் எடுக்கும் அப்பாவுக்கும் வேண்டாம். இதே மாதிரித் தேநீர்களில் போன்செட் என்ற செடி சேர்வதுண்டு, அதில் கல்லீரலுக்குக் கெடுதலான ஆல்கலாய்டு இருப்பதால் யாருக்கும் வேண்டாம். எஃபெட்ரா, மா ஹுவாங் என்ற பெயர் இருந்தால் பொட்டலத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். வியர்வைக்காகப் பழங்காலம் முதல் பயன்பட்ட செடிதான், ஆனால் அது இதயத்தை விரட்டும், பிரஷரை ஏற்றும். அமெரிக்காவில் 2004லேயே துணை உணவுப் பட்டியலிலிருந்து அதைத் தடை செய்துவிட்டார்கள்.

அடுத்த முறை வீட்டில் காய்ச்சல் வந்தால்

குளிர் நடுக்கம் இருக்கும்போது ஒரு போர்வை கொடுங்கள், அந்த நேரத்தில் அது தேவையான ஆறுதல். நடுக்கம் நின்று உடம்பு கசிய ஆரம்பித்ததும் போர்வையை எடுத்துவிடுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், ஜன்னலைத் திறங்கள். நிறைய வியர்த்திருந்தால் வெறும் தண்ணீரோடு உப்புச்சத்துள்ள கஞ்சியோ சூப்போ கொடுங்கள், வாந்தி பேதியும் இருந்தால் ஓஆர்எஸ். சிறுநீர் எப்போது போனார், என்ன நிறம் என்று கேளுங்கள், எட்டு மணி நேரமாகப் போகவில்லை என்றால் உடம்பு வறண்டுவிட்டது என்று பொருள். அப்பா எழும்போது முதலில் கட்டிலில் கால் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும், பக்கத்தில் யாராவது இருங்கள்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, கழுத்து விறைப்பு, தோலில் சிவப்புப் புள்ளி, நிற்காத வாந்தி, கடும் வயிற்று வலி, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் கசாயம் வைக்க அடுப்படிக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே, வேறு எந்தக் குறியும் இல்லாவிட்டாலும், உடனே.

நிறுத்தி வைத்த பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று உங்களுக்குச் சொன்னார்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், இப்படியே விட்டுவிடவும் வேண்டாம். நாளைக்கே அப்பாவின் இதய மருத்துவரைப் பாருங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கசாயத்தில் என்னென்ன போட்டீர்கள், எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் மறைக்காமல் காட்டுங்கள், அடுத்த காய்ச்சலின்போது எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அதே தாளின் பின்பக்கத்தில் அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.